மூன்றாவது கேள்வி

குலசிங்கத்தை ஊரில் எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் டொக்டர் இல்லை. கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக் கலவையாளர். போத்தலில் மருந்தை ஊற்றி, மாத்திரையை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுக்கிற வேலை. ஆனால் வெள்ளை மேலங்கி போட்டவரை நம்முடைய சனம் வேறென்னவென்று கூப்பிடும்? அவரும் ஒரு நாளாவது, ஐயா நான் டொக்டர் இல்லை என்று வாய் திறந்து சொன்னவரில்லை. அன்றே சொல்லியிருந்தால் பின்னாலே இவ்வளவு சீரழிவும் வந்திராது.

ஒக்லாந்துக்கு வந்து ஐந்து வருடமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. இங்கே அவருக்கு எல்லர்ஸ்லியில் ஒரு மருந்துக் கம்பனியின் களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிற வேலை. இருந்தாலும் அவர் குடியிருக்கிற லின்ஃபீல்டில் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் ரெலிபோன் அவருக்குத்தான். தமிழர் கூடுகிற மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சுண்டல் வாங்குகிற வரிசையிலேயே இரண்டு பேருக்கு வைத்தியம் சொல்லி அனுப்பிவிடுவார். பெரும்பாலும் பனடோல்தான். அதனால் யாருக்கும் கெடுதி வந்ததில்லை.

அவருடைய பரம பக்தர் சோதிலிங்கம். தங்கை குணவதியின் புருசன். மனுரேவாவில் வீடு, பக்கத்திலேயே பெயின்ற் தொழிற்சாலையில் வேலை. பெருத்த குரல், பெருத்த சிரிப்பு, கள்ளமில்லாத மனிதர். புதிதாக யாரைக் கண்டாலும், "இவர் இல்லாட்டில் நான் இல்லை" என்று மச்சானின் தோளில் கையைப் போட்டுத் தொடங்கிவிடுவார். தொண்ணூறாம் ஆண்டு பட்டணத்தில் அவருக்குக் குடலிறக்க ஒப்பரேசன் நடந்தது. போரில் செல்லடி கிட்ட வந்ததால் அடுத்த நாளே நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் சலம் போகவில்லை, மூத்திரம் அடைத்துக்கொண்டது. விடியத் தொடங்கி மத்தியானம் வரை ஒரு சொட்டு இல்லை. அடிவயிறு தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. டொக்டர்மார் ஒருவரும் ஊரில் இல்லை, பாதையும் மூடிக் கிடந்தது. மச்சான் ஆஸ்பத்திரி அலுமாரியில் இருந்த, சலம் எடுக்கிற ரியூப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஓடிவந்து போட்டார், ஒரு வாளி சலம் போனது, உயிர் திரும்பியது. இதுதான் சோதிலிங்கம் சொல்லும் கதை. சொல்லி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கும். குலசிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன அடக்கமான மனிதர் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அடக்கமா, மண்ணாங்கட்டியா! நடந்தது அவருக்கல்லவா தெரியும். அந்த ரியூப்பின் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். ரியூப் உள்ளே மூத்திரப்பைக்குப் போய்ச் சேர்ந்து, சலம் வெளியே வருவதைக் கண்ட பிறகுதான் ஊசியால் தண்ணீர் ஏற்றி அந்தப் பலூனை ஊதவேண்டும். பிறகு ரியூப் கழன்று விழாது. தாதிமாருக்கு இது பாலபாடம். குலசிங்கம் மற்றவர்கள் போடுவதை மூன்று முறை கட்டில் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார். தன் கையால் போட்டதில்லை. அன்றுதான் முதல்தரம். பாதி வழியில் ரியூப் தட்டுப்பட்டு நின்றது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தார். சலம் வரவில்லை, எப்படியும் வரும் என்று நினைத்தார். ஊதிவிட்டார்.

சோதிலிங்கம் போட்ட கூக்குரலில் ஒழுங்கைச் சனம் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டது. இரத்தம் வந்தது. குலசிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீரைத் திரும்ப இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை தள்ளினார். ஏதோ அதிட்டம், இந்த முறை போய்ச் சேர்ந்தது. சிவப்புச் சலம் வாளியில் விழுந்தது. குணவதி அழுதுகொண்டே அண்ணனின் காலைத் தொட்டாள். இரத்தம் ஏன் வருகிறது என்று அவள் கேட்டதற்கு, அது சாதாரணம் என்றார். அந்த ஒரு சொல்லில் தொடங்கியதுதான் எல்லாம்.

தான் செய்தது என்ன என்பது அவருக்கு முழுதாக விளங்கியது இங்கே வந்த பிறகுதான். அவர் கட்டுகிற பெட்டிகளில் அதே ரியூப்கள் வரும். ஒவ்வொன்றோடும் ஒரு மடித்த தாள் இருக்கும். ஒருநாள் தேநீர் இடைவேளையில் சும்மா பிரித்து வாசித்தார். சலம் வருவதைக் காணாமல் பலூனை ஊதக்கூடாது, ஊதினால் சலவழி கிழியும், கிழிந்த இடம் ஆறும்போது தழும்பு கட்டிச் சில வருடங்களில் வழி ஒடுங்கிப்போகும் என்று போட்டிருந்தது. தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அன்று முழுக்க எத்தனை தரம் கை கழுவினார் என்பது அவருக்கே தெரியாது.

சோதிலிங்கம் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம் தனியாக. சலம் மெலிதாகப் போகத் தொடங்கியதும் அங்கேதான். தொண்ணூற்று நாலில் குடும்பத்தோடு இங்கே வந்துசேர்ந்தபோது, கழிவறைக்குப் போனால் கால்மணி நேரம் நிற்கவேண்டியிருந்தது. தொழிற்சாலையில் வெள்ளைக்கார மேலாளர், அங்கே என்ன பேப்பர் வாசிக்கிறாயா என்று கேட்டானாம். அதையும் ஒரு பகிடியாக மண்டபத்தில் சொல்லிச் சிரித்தார். தொண்ணூற்று ஏழு மார்ச்சில் ஒரு நாள் முற்றாக நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒடுங்கிய வழியை விரித்துவிட்டு, இது திரும்பவும் ஒடுங்கும், நிபுணரைப் பாருங்கள் என்று திகதி கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோன் எடுத்த பெண், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா, இலவசம்தான் என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது குலசிங்கம்தான். அதற்கு அவர் வீட்டில் சொன்ன காரணத்தை மறுக்க யாராலும் முடியாது. ஒக்லாந்தில் தமிழர் எத்தனை பேர்? இன்றைக்கு மொழிபெயர்க்க வருகிறவர் வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பக்கத்தில் நின்று தேவாரம் பாடுவார். அவருக்கு முன்னால் இதையெல்லாம் அவிழ்த்துக் காட்டுவதா? மகள் நிருஜா இங்கிலிஷ் நன்றாகக் கதைப்பாள்தான், ஆனால் எட்டு வயதுப் பெண்பிள்ளையை வைத்து இதைக் கேட்பதா? டொக்டர் அண்ணை இருக்கும்போது வேறு ஆள் ஏன் என்று குணவதியே சொல்லிவிட்டாள்.

நிபுணர் உயரமான மனிதர், காதோரம் நரைத்திருந்தது, அவசரமில்லாமல் கதைப்பவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். தடித்த கோடாக வந்த சலவழி நடுவில் நூலாகி, பிறகு திரும்பவும் கோடாகியது. அந்த நூல் இருந்த இடம் எது என்பது குலசிங்கத்தின் விரலுக்கு ஞாபகம் இருந்தது. 

இது எதனால் வந்திருக்கலாம் என்று அறிய மூன்று கேள்வி கேட்கவேண்டும் என்றார் நிபுணர். முதலாவது, எப்போதாவது சைக்கிள் பாரிலோ மதில் மேலோ கால் விரித்து விழுந்ததுண்டா? குலசிங்கம் தமிழில் கேட்டார். இல்லை என்றார் சோதிலிங்கம். இரண்டாவது, மன்னிக்க வேண்டும், எல்லோரிடமும் கேட்பதுதான், வேறு பெண்களிடமிருந்து ஏதும் தொற்று வந்ததுண்டா? குலசிங்கம் அதையும் கேட்டார். குணவதி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சீச்சீ, என்ன கேள்வி இது என்று சோதிலிங்கம் சிரித்தார்.

மூன்றாவது, எப்போதாவது இவருக்குச் சலம் எடுக்க ரியூப் போட்டிருக்கிறார்களா, போடும்போது இரத்தம் வந்ததா?

குலசிங்கம் அதைத் தமிழில் கேட்கவில்லை. மைத்துனரின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நோ, டொக்டர்" என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதனின் மானத்தை விற்க இரண்டு சொல் போதுமாயிருந்தது.

அப்படியானால் காரணம் தெரியவில்லை, பழைய தொற்றாக இருக்கலாம், சில வேளை தெரியாமலே போய்விடும் என்று நிபுணர் எழுதிக்கொண்டார். அதைக் குலசிங்கம் ஒழுங்காக மொழிபெயர்த்தார், ஒரு சொல் பிசகாமல்.

பிறகு ஒப்பரேசனை விளக்கினார் நிபுணர். ஒடுங்கிய இடத்தைக் கீறித் திறந்து, கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டுப் போடுவார்கள். வாய்க்குள் இருக்கிற தோல் எந்த நேரமும் ஈரத்தில் இருந்து பழகியது, மயிர் முளைக்காது, தைத்த இடத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சக் காலமாகத்தான் இந்த முறையில் செய்கிறார்களாம், பலன் நல்லதாம். சோதிலிங்கம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "வாய்த் தோலைக் கொண்டுபோய் அங்க வைச்சா, அது கதைக்கத் தொடங்காதோ எண்டு கேளுங்கோ மச்சான்" என்றார். மொழிபெயர்த்ததும் நிபுணர் விழுந்து விழுந்து சிரித்தார். குணவதி சிரிக்கவில்லை.

ஒப்பரேசனுக்கு வரிசை நீளம். ஏழு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் மனுரேவா வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் எவ்வளவோ நல்லது. குணவதி தன் தலையணையை எடுத்துக்கொண்டு நிருஜாவின் அறைக்குப் போனாள். சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அப்பால் போய்விடுவாள். சொல்லவேண்டியதை மகளிடம் சொல்லுவாள், மகள் இங்கிலிஷில் தகப்பனுக்குச் சொல்லும். ஒரே வீட்டுக்குள் புருசனுக்கும் பெண்சாதிக்கும் மொழிபெயர்ப்பு. சோதிலிங்கத்தின் சிரிப்பு மண்டபத்தில் கேட்பது குறைந்தது. ரியூப் போட்ட கதையை மட்டும் விடாமல் சொன்னார்.

யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணவதி தனியாக ரயில் பிடித்து, பஸ் பிடித்து லின்ஃபீல்டுக்கு வந்தாள். குலசிங்கத்தின் மனைவி கண்மணி தேநீர் போடக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டாள். "அண்ணை, டொக்டர் கேட்டது ரண்டு விசயம். விழுந்ததும் இல்லையெண்டால் மற்றது தானே?"

அப்போது சொல்லியிருக்கலாம். குணவதி கேட்டதே அதற்காகத்தான். இல்லை என்று அண்ணன் ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவ்வளவு தூரம் வந்திருந்தாள்.  "லொட்ஜிலை தனிய இருந்த மனிசன் பிள்ளை. எல்லாம் பழசு. மன்னிச்சு விடு" என்றார் குலசிங்கம்.

பாவி மனிதன்! பொய் சொல்லவில்லையாம். அவர் அப்படித்தான் பிறகு மனதுக்குள் வாதாடினார். நான் என்ன, அவன் போனான் என்றா சொன்னேன், மன்னித்து விடு என்றுதானே சொன்னேன் என்று. மன்னிக்கச் சொன்னால் குற்றம் இருக்கிறது என்று அர்த்தமில்லையா? குணவதி தலையை ஆட்டினாள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். பஸ் தரிப்பு வரை அவள் நடந்துபோவதைக் குலசிங்கம் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட எத்தனையோ நிமிசம் இருந்தது.

ஒக்ரோபரில் ஒப்பரேசன் நடந்தது. நாலு மணித்தியாலம். அடுத்த நாள் வேலை முடிந்து குலசிங்கம் பார்க்கப் போனபோது, சோதிலிங்கத்தின் ஒரு பக்கக் கன்னம் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தது மாதிரி உப்பியிருந்தது. உள்ளே தையல். பேச முடியவில்லை. கட்டிலோரத்தில் சலப் பை தொங்கியது. அதிலிருந்து போன ரியூப்பைப் பார்க்காமலிருக்க, குலசிங்கம் கதிரையை மற்றப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குணவதி வடித்துக் கொண்டுவந்த கஞ்சி போத்தலில் இருந்தது. கஞ்சியை வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாளாம். எல்லர்ஸ்லியில் அலுவலகக் கந்தோர்களைத் துப்புரவாக்குகிற வேலை அவளுக்கு, பின்னேரம் நாலிலிருந்து ஏழு வரை.

சோதிலிங்கம் தாதியிடம் கேட்டு வாங்கிய பேனையால் ஒரு தாளில் மெதுவாக எழுதினார். அவருக்குக் கையெழுத்து நல்ல அழகு. எழுதி முடித்து, நீட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நீட்டினார்.

"மச்சான், எனக்கு ஏதும் ஆனால் ஆகட்டும். நான் ஒரு பிழையும் செய்யவில்லை. பிள்ளை மேல் சத்தியம். குணத்துக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் நம்புவாள். நீங்கள் எனக்கு ஒருக்கால் உயிர் தந்தனீங்கள்" என்று எழுதியிருந்தது.

குலசிங்கம் வாசித்தார். திரும்ப வாசித்தார். சோதிலிங்கத்தின் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. வீங்கிய கன்னத்தால் அது ஒரு பக்கம் சிரிப்பது போலவும் இருந்தது, அதைத்தான் குலசிங்கத்தால் தாங்க முடியவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

சொன்னாரா? இல்லை. பத்து நாள் அந்தத் தாள் பையில் கிடந்தது. சட்டை மாற்றினால் தாளும் மாறும். களஞ்சியத்தில் ரியூப் பெட்டி கட்டும்போது குனிந்தால் தாள் நெஞ்சில் குத்தும். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. கண்மணி, உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது, டொக்டரைப் பாருங்கோவன் என்றாள். டொக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எரிந்து விழுந்தார். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினோராம் நாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் காரிலேயே இருந்தார். ஏழு மணிக்குக் குணவதி வேலை செய்யும் கந்தோர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வசந்த காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. ரயிலுக்குப் போக வெளியே வந்தவள் அண்ணனின் காரைக் கண்டு பதறி, அவருக்கு ஏதுமோ என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தாள். புருசனைப் பற்றிக் கேட்டபோது அந்தக் குரலில் இருந்த பயத்தைக் குலசிங்கம் கேட்டார். ஏழு மாதம் வாய் திறவாதவளுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

ஒன்றுமில்லை, ஏறு என்றார். ஏறினாள். காரை எடுக்கவில்லை. முதலில் தாளை நீட்டினார். அவள் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பலூனைச் சொன்னார், இரத்தத்தைச் சொன்னார், பெட்டியில் வந்த தாளைச் சொன்னார், மொழிபெயர்க்காமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்று இருந்ததைச் சொன்னார், லின்ஃபீல்டில் தான் சொன்ன அந்த மன்னிப்பையும் சொன்னார். தான் டொக்டர் இல்லை என்பதைக்கூடப் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னார். ரயில் ஒன்று வந்து போனது. குணவதி தாளைத் திரும்ப மடித்தாள்.

கடைசியில், "மூண்டாவதாய் அவர் என்ன கேட்டவர்? அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள்.

குலசிங்கம் சொன்னார். எப்போதாவது ரியூப் போட்டிருக்கிறார்களா, இரத்தம் வந்ததா. ஏழு மாதம் பிந்தி அந்தக் கேள்வி தமிழுக்கு வந்தது.

"ரியூப் போட்டதிலை எனக்குக் கோவம் இல்லை அண்ணை" என்றாள் குணவதி. "அண்டைக்கு வேறை ஆர் இருந்தது? ஆனால் இந்தக் கேள்வியை ஏன் விழுங்கினனீங்கள்? நான் அந்த மனிசனுக்குச் சோறு போட்ட விதம் உங்களுக்குத் தெரியுமோ?"  முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தனக்காக அழவில்லை, அண்ணனுக்காகவும் இல்லை. குலசிங்கத்துக்கு அது தெரிந்தது. அவளைத் தேற்றுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரிந்தது.

மனுரேவாவில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரிடம் இப்போது ஒன்றும் சொல்லவேண்டாம் என்றாள். செவ்வாய்க்கிழமை ரியூப் கழற்றப் போகிறோம், அதே அறையில், அதே டொக்டருக்கு முன்னால் இங்கிலிஷில் சொல்லுங்கள், பிறகு டொக்டர் சொல்லுவதை ஒரு சொல்லும் விடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே நன்றாக இருந்தது. நூல் இருந்த இடம் இப்போது கோடாக இருந்தது, கசிவு இல்லை. தாதி வந்து ஊசி ஒன்றை ரியூப்பின் வாலில் பொருத்தி இழுத்தாள். பலூனிலிருந்த தண்ணீர் ஊசிக்குள் ஏறியது. திரைச்சீலை ஓரத்தில் நின்ற குலசிங்கம் அதைப் பார்த்தார். பத்து மில்லிலீற்றர் தண்ணீர். பிறகு ரியூப் சத்தமில்லாமல் வழுக்கி வெளியே வந்தது. சோதிலிங்கம் ஒரு முனகல்கூட முனகவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு மணித்தியாலம் கழித்து, ஓட்டத்தை அளக்கும் மெசின் இருந்த பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள்.

சுவர் மெல்லியது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே சீரான சத்தம், நிற்காமல். தாதி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். குணவதி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். குலசிங்கத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, ஆனால் சந்தோசப்பட உனக்கென்ன உரிமை என்று உள்ளே ஒன்று கேட்டது.

சோதிலிங்கம் திரும்பி வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. கன்னம் வற்றிவிட்டது, குரலும் வந்துவிட்டது. "மச்சான், டொக்டருக்கு என்ரை நன்றியைச் சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள், இண்டைக்கு இவர். எனக்கு உயிர் தந்தது ரண்டு டொக்டர்மார் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

குலசிங்கம் வாயைத் திறந்தார். மூடினார்.

"அண்ணை" என்றாள் குணவதி. 

குலசிங்கம் நிபுணரின் பக்கம் திரும்பி இங்கிலிஷில் சொன்னார். மார்ச் மாதம் நீங்கள் மூன்று கேள்வி கேட்டீர்கள். மூன்றாவதை நான் இவரிடம் கேட்கவில்லை. இவருக்கு ரியூப் போடப்பட்டது, தொண்ணூறாம் ஆண்டு. சலம் வருமுன் பலூனை ஊதினார்கள். இரத்தம் வந்தது.

நிபுணர் பேனையைக் கீழே வைத்தார். அப்படியானால் காரணம் அதுதான், வேறெதுவும் தேவையில்லை, படத்தில் இருந்த இடமும் சரியாகப் பொருந்துகிறது என்றார். யார் போட்டது என்று கேட்டார்.

சோதிலிங்கம் பெயின்ற் தொழிற்சாலையில் மூன்று வருடம் இங்கிலிஷ் கேட்டவர். ரியூப், பலூன், பிளட் என்று காதில் விழுந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் அவை ஒன்றுசேர்வது தெரிந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. என்றாலும், குலசிங்கம் பதில் சொல்லுமுன் அவர் முந்திக்கொண்டார். "வோர், டொக்டர்" என்றார். "வோர் ரைம். நோ டொக்டர்."

அந்த மனிதர் அந்த நேரத்திலும் காப்பாற்றப் பார்த்தார். அதுதான் குலசிங்கத்தை அடியோடு உடைத்தது. "நான்தான் போட்டேன்" என்று இங்கிலிஷில் சொன்னார். பிறகு தமிழில், சோதிலிங்கத்தைப் பார்த்து, "நான்தான் பிழையாய்ப் போட்டனான். அதாலைதான் உமக்கு இது வந்தது. தெரிஞ்சுகொண்டு மறைச்சனான். குணத்திட்டையும் உம்மைப் பற்றிப் பிழையாய் நினைக்க விட்டனான்" என்றார்.

நிபுணர் பேனையைத் திரும்ப எடுத்தார். பிறகு சொன்னதைக் குலசிங்கம் ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கினார். இவருக்கு எந்தத் தொற்றும் இருந்ததில்லை என்று இன்று எழுதுகிறேன் என்கிறார். போரில், டொக்டர் இல்லாத இடத்தில் நடந்ததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன் என்கிறார். ஆனால் இந்த அறையில் நடந்தது வேறு என்கிறார்.

குணவதி எழுந்து புருசனின் பக்கத்தில் போய் நின்றாள். ஏழு மாதத்தில் முதல்தரமாக மகள் இல்லாமல் நேரே அவரைப் பார்த்து, "நோகுதோ?" என்று கேட்டாள். இல்லை என்று சோதிலிங்கம் தலையை ஆட்டினார். அவள் அவருடைய மேலங்கியை எடுத்துப் பிடித்தாள், அவர் கையை நுழைத்தார். அவளுடைய விரல்கள் அவர் தோளிலேயே நின்றன.

நிபுணர் அடுத்த திகதியை எழுதிக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். குலசிங்கம் உடனே மொழிபெயர்க்கவில்லை. குணவதி, "என்னவாம்?" என்றாள்.

குலசிங்கம் சோதிலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். "மூண்டு மாதத்தாலை திரும்பி வரட்டாம். வரேக்கை என்னைக் கொண்டுவர வேண்டாமாம். மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியே ஆள் ஒழுங்கு செய்யுமாம். உமக்கு அது சம்மதமோ எண்டு கேட்கிறார்."

சோதிலிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.  பார்வையில் கோபத்தைத் தேடினார் குலசிங்கம், கிடைக்கவில்லை.

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார் சோதிலிங்கம். மச்சான் என்ற சொல் அதில் இல்லை.

குலசிங்கம் நிபுணரின் பக்கம் திரும்பினார். "யெஸ், டொக்டர்" என்றார்.